பெருமூச்சு விடாத புத்தகம்

அச்சு வாசிக்க முடியாதவர்களுக்கு ஒரு வாசிப்புச் செயலி செய்யப்போகிறேன் என்று நான் சொன்னபோது, ஊரில் எல்லாரும் ஒரே மாதிரித் தலையை ஆட்டினார்கள். புண்ணியமான வேலை என்றார்கள். உண்மையில் புண்ணியத்துக்கும் எனக்கும் அப்போது பெரிய பழக்கம் இல்லை. பல்கலைக்கழகத்தில் கணினி படித்துவிட்டு வந்து, வாவிக்கரையில் நின்று, இறாலுக்கு வலை வீசுகிறவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். காற்று எந்தப் பக்கம் என்று போனிலேயே பார்க்கலாம் என்றேன். அவர்கள் அதை முகத்திலேயே பார்த்துக்கொண்டார்கள். என் யோசனைகளில் அவர்கள் களைத்துப்போன சமயத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. இரண்டு தரப்புக்கும் நல்லதாய்ப் போயிற்று.

எங்கள் நிலையம் வாவியைப் பார்த்தபடி நின்ற ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் இருந்தது. ஏறுவதற்கு ஒடுங்கிய படிக்கட்டு. பிடித்து ஏறக் கைப்பிடி கிடையாது. கீழே வாசலில், பார்வையற்றோருக்கான வாசிப்பு நிலையம் என்று பெரிய பலகை. எழுத்து அவ்வளவு அழகு. வந்தவர்கள் எல்லாரும் நின்று பாராட்டிவிட்டுத்தான் மேலே ஏறினார்கள், யாருக்காக எழுதினார்களோ அவர்களைத் தவிர.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. பாடப்புத்தகத்தில் எழுத்து, குரல், படம் மூன்றும் கைகோத்து நடக்கவேண்டும். குரல் ஒரு வசனத்தை வாசிக்கும்போது திரையில் அதே வசனம் மஞ்சளாக ஒளிரும். கொஞ்சம் பார்வை உள்ளவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். எழுத்துக்கூட்டச் சிரமப்படுகிறவர்கள் மஞ்சளைப் பிடித்துக்கொண்டு போகலாம். பார்வையே இல்லாதவர்கள் குரலைக் கேட்டபடி பாடம் பாடமாக, தலைப்புத் தலைப்பாக, வசனம் வசனமாகத் தாவலாம். படம் வரும் இடத்தில், படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு குரல் சொல்லும். இதையெல்லாம் நான் கைகளை வீசி விளக்கும்போது நிலையத்தின் மேலாளர் கண்களை மூடிக்கொண்டு கேட்பார். பயனரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மட்டும்தான் அப்படிக் கேட்கிறார் என்பது பிறகு விளங்கியது.

"பரிசோதனைக்கு ஒராள் இருக்கு" என்றார் அவர் ஒருநாள். "பழுகாமத்தில. உயர்தரச் சோதனை எடுக்கிற பிள்ளை."

மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றினேன். இங்கே பாதை என்றால் தண்ணீரில் மிதப்பது. இயந்திரம் பூட்டிய தட்டையான மிதவை, வாவியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மனிதரையும் வாகனங்களையும் கொண்டுபோய் இறக்கும். அக்கரையில் வயல்களுக்கு நடுவே அவள் வீட்டைக் கண்டுபிடித்தபோது, வாசலிலேயே வாசிப்பு நடந்துகொண்டிருந்தது.

அவள் கதிரையில் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். சின்ன வயதில் ஒரு காய்ச்சலோடு பார்வை போனவள். அவளுடைய அண்ணன் மனைவி, அதாவது மச்சாள், நிலத்தில் அரிவாளைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மீன் வெட்டியபடி, பக்கத்தில் பலகையில் விரித்துவைத்த அரசியல் விஞ்ஞானப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். பக்கம் திருப்புவதற்கு முழங்கை.

"நெகிழும் அரசியலமைப்பு என்பது... சீ போ பூனை! என்பது, சாதாரண பெரும்பான்மையால்... தலையும் போடவாகா குழம்புக்கு?"

"போடுங்க மச்சாள். அந்த வசனத்த இன்னொருக்கா வாசிங்க."

மச்சாள் ஒரு மூச்சு விட்டார். அடி வயிற்றிலிருந்து கிளம்பி, வீட்டு வேலை முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்த மூச்சு. பிறகு வாசித்தார். பூனை இல்லாமல், தலையும் இல்லாமல், ஆனால் ஓட்டமாக.

மச்சாள் மீனோடு உள்ளே போனதும் அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "கேட்டீங்களா சேர்?"

"எதை?"

"அந்த மூச்ச. அது கெட்ட மனிசி இல்ல. எனக்காக எவ்வளவோ வாசிச்சிருக்கு. ஆனா அந்த மூச்சுக்குப் பயந்து நான் பாதிய விளங்காமலே விட்டிருக்கன். ரெண்டு தரம் சோதனை எடுத்து ரெண்டு தரமும் இந்தப் பாடத்திலதான் விழுந்தன். இனி ஒருக்காத்தான் எடுக்கலாம். அதுக்குப் பிறகு கம்பசுக்குக் கூப்பிடமாட்டாங்க."

விரலால் தடவி வாசிக்கும் பிறெயில் புத்தகங்கள் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாடப்புத்தகம் பிறெயிலில் இல்லை. வந்தாலும் எப்போது வரும் என்று கேட்கக்கூடிய இடமும் இல்லை. என்னதான் வேண்டும் என்று கேட்டேன். அலுவலகத்தில் அதற்குப் பயனர் தேவை என்று பெயர்.

"நானா வாசிக்கோணும். நினைச்ச இடத்தில நிப்பாட்டோணும். ஒரு வசனத்தப் பத்துத் தரம் கேட்டாலும் ஒருத்தரும் மூச்சு விடக்கூடா. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். திரும்பிப் போய் அந்த அவ்வளவுதானைப் பல பக்கங்களுக்கு எழுதினேன். கட்டங்கள் போட்டேன், அம்புக்குறிகள் போட்டேன். மூச்சைப் பற்றி மட்டும் எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. அதை விட்டுவிட்டேன்.

முதலில் இயந்திரக் குரலைப் பூட்டிக் கொடுத்தேன். அந்தக் குரல் மூச்சே விடாது என்று பெருமையாக வேறு சொன்னேன். அவள் ஒரு பக்கம் கேட்டுவிட்டுப் போனை மடியில் வைத்தாள்.

"இது பஸ் ஸ்டாண்டில அறிவிக்கிற பொம்பிளை. அரசியலமைப்பு எங்கயோ புறப்படப்போகுது எண்டு சொல்றா."

"பழகினா விளங்கும்."

"மூச்சு விடாம வாசிச்சா மனிசருக்கு எப்பிடி விளங்கும் சேர்? எனக்கு மூச்சு வேணும். பெருமூச்சுத்தான் வேணாம்."

ஆக, மனிதக் குரல். அதுவும் ஒரு முழுப் புத்தகத்தையும் சலிக்காமல் வாசிக்கும் குரல். விசாரித்த இடமெல்லாம் ஒரே ஆளைக் காட்டினார்கள்: செட்டிபாளையத்தில் மா அரைக்கும் மில் வைத்திருக்கிறவர். கோயிலில் புராணம் படிப்பவர். மில்லின் இரைச்சலுக்கு மேலால் கதைத்துக் கதைத்துப் பழகிய குரல். திருவிழாவில் ஒலிபெருக்கி நின்றுபோனாலும் யாருக்கும் தெரியாது என்றார்கள். போய்க் கேட்டேன். மிளகாய்த்தூள் பறந்துகொண்டிருந்ததில் நான் தும்மிக்கொண்டே கேட்டேன். அவர் தும்மவில்லை.

"ஒரு பிள்ளை படிக்கிறதுக்கு எண்டா ஏன் மாட்டன் எண்டு சொல்லப்போறன்? வாறன் மனே. எங்கட ஆளையும் கூட்டிக்கொண்டு வாறன்."

"எந்த ஆள் ஐயா?"

"பயன் சொல்றவர். அவர் இல்லாம நான் என்னெண்டு படிக்கிற?"

கோயிலில் ஒருவர் பாட்டைப் படிக்க, பக்கத்தில் இருப்பவர் அதன் பொருளைச் சொல்வார். அதுதான் பயன் சொல்வது. படிப்பவர் அந்த இடைவெளியில் மூச்சு வாங்கி, எச்சில் விழுங்கி, அடுத்த பாட்டுக்கு ஆயத்தமாவார். நன்றாய்ப் போயிற்று, வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

நிலையத்தின் பின்னறையில் சுவரெல்லாம் பஞ்சு மெத்தைகளைக் கட்டி ஒலிப்பதிவு அறை செய்திருந்தேன். மின்விசிறி போட்டால் சத்தம் பதியும். யன்னல் திறந்தால் மீன்காரரின் ஹோன் பதியும். எனவே இரண்டும் இல்லை. அந்த அடுப்புக்குள் இரண்டு பேரும் வெள்ளை வேட்டியோடும் திருநீறோடும் வந்து கதிரைகளில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பயன் சொல்பவர் ஒரு வட்டையின் விதானை. அந்த வயல்பரப்பில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று தீர்ப்பவர்.

மில்காரர் தொண்டையைச் செருமினார். "அரச அதிகாரமானது சட்டவாக்கம், நிருவாகம், நீதி என மூன்றாகப் பிரிக்கப்படுகிறதூஊ..." என்று இழுத்து நிறுத்தினார்.

விதானை தொடங்கினார். "அதாவது என்னெண்டா, வாய்க்கால் வெட்டுறவன் ஒருத்தன். மடையத் திறக்கிறவன் ஒருத்தன். வரம்பு வழக்குத் தீர்க்கிறவன் ஒருத்தன். மூண்டையும் ஒருத்தனே செய்தா மறுகா என்ன நடக்கும்? அவன்ட வயல் மட்டும் விளையும்."

நன்றாகத்தான் இருந்தது. பிரச்சினை தேர்தல் முறைகளுக்கு வந்தபோது தொடங்கியது. விகிதாசாரப் பிரதிநிதித்துவத்துக்குப் பயன் சொல்ல வெளிக்கிட்ட விதானை, பிரதேச சபைத் தேர்தலில் தோற்ற தன் மருமகனின் கதைக்குள் இறங்கினார். யார் யார் வாக்குத் தருவதாகச் சொல்லித் தரவில்லை என்று பெயர் பெயராகச் சொன்னார். அந்தப் பெயர்கள் பாடத்திட்டத்தில் இல்லை. சோதனையில் அவள் அவற்றை எழுதிவிட்டால் என்ன செய்வது?

அடுத்த நாள் நான் மிகவும் பணிவாக, இந்தப் புத்தகத்துக்குப் பயன் தேவையில்லை, பயன் புத்தகத்திலேயே இருக்கிறது என்றேன். விதானை கோபிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை மட்டும் ஆட்டினார். அவர் ஆட்டாமல் மில்காரருக்கு அடுத்த வசனம் வரவில்லை.

இப்படியே முழுப் புத்தகமும் பதிந்து முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரு பாடம். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பதும் கணினியைப் பார்ப்பதுமாக இருந்தேன். குரல் திரையில் அலை அலையாகத் தெரியும். எங்கே வசனம் முடிகிறது, எங்கே செருமல், எங்கே தேத்தண்ணி என்று கண்ணாலேயே கண்டுபிடித்து வெட்டலாம். மிச்சத்தை நான் எழுதிய நிரல் பார்த்துக்கொள்ளும். குரலில் எந்த வசனம் கேட்கிறதோ, அதைப் புத்தகத்தில் தேடிப் பிடித்து இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். காதுக்கு வேலையே இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். கேட்கிறவர்களுக்காகச் செய்த ஒரு புத்தகத்தை நான் கேட்காமலே செய்து முடித்தேன் என்பதில் எனக்கு அன்றைக்குப் பெருமைதான்.

போனில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். மில்காரரின் குரல் பழுகாமத்து வாசலில் எழுந்ததும், மச்சாள் உள்ளேயிருந்து ஓடிவந்து முந்தானையைச் சரிசெய்தார்.

"யார் வந்திருக்கிற?"

"ஒருத்தரும் இல்ல மச்சாள். புத்தகம்."

அவள் விரலால் திரையைத் தட்டினாள். நின்றது. இடப்பக்கம் தடவினாள். அதே வசனம் திரும்ப வந்தது. இன்னொரு தரம் தடவினாள். திரும்பவும் வந்தது. இன்னொரு தரம். மில்காரர் அதே உற்சாகத்தோடு அதே இழுவையோடு வாசித்தார். அவள் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. அந்த வசனம் அவளுக்கு எப்போதோ விளங்கியிருக்கும். சும்மாதான் தடவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமையே போன் எடுத்தாள். பின்னால் மச்சாளின் குரலும் கேட்டது.

"சேர், நாலாம் பாடம் எண்டு ஒண்டு இரிக்கு, தெரியுமா?"

"தெரியுமே. மாகாண சபைகள்."

"எனக்குத் தெரியா! மச்சாள் மூண்டில இருந்து நேர அஞ்சுக்குப் போயிருக்கு. ரெண்டு வருசமும்!"

"எல்லாத்தையும் வாசிச்சா உன்ட மண்டை தாங்குமா எண்டுதான் விட்டன்" என்றார் மச்சாள் பின்னாலிருந்து. "அதோட அது நாடகம் போற நேரம்."

இதற்கிடையில் நிலையத்தில் தொடக்கவிழா வந்தது. கொழும்பிலிருந்து வந்த திட்ட அதிகாரியும் விருந்தினர்களும் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு என் செயலியைக் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம். துணியை அவிழ்த்ததும் எல்லாருக்கும் கண் கலங்கியிருந்தது. துணி புதிது, கஞ்சி மணம் போகவில்லை. அதிகாரிக்கு ஒரேயொரு குறை: மஞ்சள் நிறம் கொஞ்சம் கண்ணைக் குத்துகிறது, நீலம் வைக்கலாமே என்றார். அவளைப் பழுகாமத்திலிருந்து வான் வண்டியில் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். படிக்கட்டில் இரண்டு பேர் கையைப் பிடித்து ஏற்றினார்கள். நாடா வெட்ட அவளைத்தான் அழைத்தார்கள். கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து, நாடாவையும் கையில் கொடுத்து, எல்லாரும் கைதட்டினார்கள். அவள் வெட்டிவிட்டு என் பக்கம் குனிந்து கேட்டாள், "என்ன நிறம் இது?"

"சிவப்பு."

"நீலம் வைக்கலாமே" என்றாள்.

விழா முடிந்த சந்தோசத்தில் நான் அடுத்த புத்தகத்துக்கான யோசனைகளில் இறங்கிவிட்டேன். சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள், சும்மா விசாரிக்கலாம் என்று போன் எடுத்து எந்தப் பாடம் போகிறது என்று கேட்டேன்.

"முதலாம் பாடம்."

"இன்னும் முதலாம் பாடமா?"

"நீங்கதானே அப்பிடி வைச்சிருக்கீங்க. ஒவ்வொரு பாடம் முடியவும் முதலாம் பாடத்துக்குப் போகுது. நானும் ஒவ்வொருக்காவும் அத முழுக்கக் கேட்டுப்போட்டுத்தான் அடுத்த பாடத்துக்குத் தாவுறன். மீட்டல் செய்யட்டும் எண்டு வைச்சிருக்கீங்க எண்டு நினைச்சன். மாஸ்டர்மாரும் அப்பிடித்தானே." பிறகு சொன்னாள்: "ஆனா சேர், இப்பிடியே போனா சோதனைக்குள்ள நான் கடைசிப் பாடத்துக்கு வரமாட்டன்."

கண்ணியமான பயனரைப் போல ஆபத்து வேறில்லை. குறை சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் முதல் கிழமையே திட்டியிருப்பாள். அவளோ திட்டமிட்டுச் செய்த விடயம் என்று நம்பி, அருமையான நாட்களை முதலாம் பாடத்திலேயே சுற்றிச் சுற்றிச் செலவழித்திருந்தாள்.

நிரலைத் திறந்தேன். வரி வரியாகப் பார்த்தேன். பாடம் முடிந்தால் அடுத்த பாடம் என்றுதான் எழுதியிருந்தேன். ஆனாலும் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் அது முதலாம் பாடத்தில் அதே பக்கத்துக்கே போய் நின்றது. பாதி நிரலை அழித்துத் திரும்ப எழுதினேன். அதே பக்கம். வேறு போனில் போட்டேன். அதே பக்கம். பல்கலைக்கழக நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். அவன் என் நிரலைப் பற்றி வேறு பல குறைகளைக் கண்டுபிடித்தான், இதைத் தவிர. கடைசியில் அவளிடமே போனேன்.

"நீங்க பாடத்தின்ட முடிவக் கேட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தன்."

"பாத்தீங்க. கேட்டீங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஐந்தாம் பாடத்தின் கடைசி வசனம்: பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. மில்காரர் அதை வேகமாக, சுவாரசியமே இல்லாமல் வாசித்தார். ஒரு சின்ன இடைவெளி. கதிரை கிறீச்சிடும் சத்தம். பிறகு, கோயில் குரலில், நீட்டி நிறுத்தி: "அதிகாரம் அனைத்தும் மக்களிடமிருந்தே பிறக்கிறதூஊ."

அது முதலாம் பாடத்து வசனம். ஆறாம் பாடம்: அரசாங்கம் கவிழ்ந்தது. இடைவெளி, கிறீச், அதிகாரம் அனைத்தும் மக்களிடமிருந்தே பிறக்கிறது. ஏழாம் பாடம்: கோரிக்கை மறுக்கப்பட்டது. இடைவெளி, கிறீச், பிறக்கிறது. என் நிரல் மிகவும் கீழ்ப்படிவோடு அந்த வசனத்தைக் கேட்டு, அது இருக்கும் இடத்தைப் புத்தகத்தில் தேடிப் பிடித்து, ஒவ்வொரு தரமும் அவளை அங்கே கொண்டுபோய் இறக்கியிருந்தது.

நேராகச் செட்டிபாளையம் போனேன். மில்காரர் இயந்திரத்தை நிறுத்தவில்லை, நான்தான் கத்தவேண்டியிருந்தது.

"ஐயா, ஒவ்வொரு பாடத்தின்ட முடிவிலயும் ஏன் அந்த வசனத்த வாசிச்சீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பல் துலக்கினாயா என்று கேட்டால் பார்ப்பது போல.

"புராணம் படிக்கக்குள்ள அசுரன் வெண்ட இடத்தில மூடிப்போட்டு எழும்புவமா மனே? ஒருத்தர் செத்த இடத்தில மூடிப்போட்டு வீட்ட போவமா? நல்ல பாட்டு ஒண்டு படிச்சுத்தான் மூடுற. நீ தந்த புத்தகத்தில எந்தப் பாடத்தத் திறந்தாலும் கடைசியில கலைச்சான், கவிழ்த்தான், பறிச்சான். சின்னப் பிள்ளை ஒண்டு கேக்கப்போற. அப்பிடியே விட ஏலுமா? முழுப் புத்தகத்தையும் தேடினன். இந்த ஒரு வசனந்தான் பிறக்கிறது எண்டு முடியிது. விதானையாரும் ஓம் எண்டார்."

விதானை தலையை ஆட்டியிருப்பார். அந்தக் கிறீச் சத்தம் அவருடைய கதிரைதான்.

நம் நாட்டின் அரசியல் வரலாற்றில் மங்களமாக முடியும் பாடம் ஒன்றை மனம் வைத்துத் தேடிய முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. நான் எதிலும் பாதியில் நிற்பவன் இல்லை. காலையில் குற்றமாகத் தெரிந்தது மத்தியானத்துக்குள் கண்டுபிடிப்பாகிவிட்டது. வாசிப்பு வடிவமைப்பும் மக்கள் மரபும் என்று ஓர் அறிக்கை எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன். ஒவ்வொரு பாடமும் மங்கள வசனத்தோடு முடியும் உலகின் முதல் வாசிப்புச் செயலி என்று எழுதினேன். உலகத்தை நான் விசாரிக்கவில்லை. அதிகாரி உடனே போன் எடுத்தார். அற்புதம், அதை வெட்டவே கூடாது, காணொளி எடுப்போம் என்றார். தாவுகிற பிரச்சினைக்கு ஒரு தீர்வும் வைத்திருந்தேன்: மங்கள வசனம் வந்ததும் திரையில் ஒரு சின்ன விளக்கு எரியும், பிறகு புத்தகம் அடுத்த பாடத்துக்குப் போகும். அந்த விளக்கை எழுதுவதற்கு எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் தேவைப்பட்டது.

இதையெல்லாம் அவளிடம் போய்ச் சொன்னேன். கைகளை வீசித்தான் சொன்னேன். அவளுக்கு அது தெரியாவிட்டாலும் எனக்கு வேறு மாதிரிச் சொல்ல வராது.

"நல்ல கதை" என்றாள். "அந்த ஐயா நல்ல மனிசன். இப்ப வெட்டுங்க."

"இல்ல, இது எங்கட ஆக்கள்ற ஒரு..."

"சேர். உங்கட அறிக்கைக்கு நல்லம். எனக்குச் சோதனை. கலைச்சான் எண்டா கலைச்சான். மறுகா என்ன நடந்தது எண்டு நான் அடுத்த பாடத்தக் கேக்கோணும். விளக்கு எரிஞ்சா எனக்கென்ன, எரியாட்டி எனக்கென்ன?"

மச்சாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, நான் பாடத்த விட்டன் எண்டு என்னைப் பேசினது இவள். நீங்க ஒரே பாடத்தத் திரும்பத் திரும்பப் படிக்க வைச்சிருக்கீங்க. எனக்கொண்டும் தெரியாதுதான். ஆனா நான் பரவாயில்லப் போல."

வெட்டுவது எனக்குச் சின்ன வேலை. ஆனால் மில்காரரிடம் சொல்லாமல் வெட்ட மனம் வரவில்லை. மங்களத்தை அழிப்பதென்றால் அவர் என்ன நினைப்பாரோ? திரும்பவும் வாவியைக் கடந்து, திரும்பவும் மிளகாய்த்தூளுக்குள் போய், தும்மித் தும்மி விசயத்தைச் சொன்னேன். நான் பயந்தது போல அவர் முகம் சுருங்கியது. அப்போதுதான் இயந்திரத்தை நிறுத்தினார். மில் நின்றபோது அந்த இடம் எவ்வளவு அமைதி என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அந்தப் பிள்ளைக்கு அது கரைச்சல் குடுத்ததா?"

"பாடம் தள்ளிப்போச்சு ஐயா."

"சோதனை எப்ப?"

"கிட்டத்தான்."

வேட்டியில் படிந்த தூளைத் தட்டினார். "அப்ப ஏன் மனே இஞ்ச நிக்கிறாய்? போய் வெட்டு. ஆனா புத்தகம் முழுக்க முடியக்குள்ள ஒண்டு விடு. அவளுக்கு வேணாம் எண்டா கேக்காம விடட்டும். படிச்ச எனக்கு வேணும்."

அன்று பின்னேரமே உட்கார்ந்து வெட்டினேன், இந்த முறை காதால். கடைசிப் பாடத்துக்குப் பிறகு ஒன்றை மட்டும் விட்டேன். புத்தகத்தில் இல்லாத இடத்தில் ஒரு வசனத்தை வைக்க என் நிரல் சம்மதிக்கவில்லை. எனவே பொருளடக்கத்திலேயே ஒரு தலைப்பைச் சேர்க்கவேண்டி வந்தது. இன்றைக்கும் அந்தச் செயலியில் அரசியல் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தால், கலைச்சொற்கள், பயிற்சி வினாக்கள், அதற்குக் கீழே மங்களம் என்று வரும். அதிகாரி அது என்ன என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். விளக்கு எரியாததில் அவருக்கு வருத்தம். காணொளி எடுக்க யாரும் வரவில்லை.

அவள் மிச்ச நாட்களில் கடைசிப் பாடம் வரை வந்தாள். போன் எடுத்தால் கதைக்க நேரமில்லை என்பாள். பின்னால் மில்காரர் வாசித்துக்கொண்டிருப்பார், நிற்பார், திரும்புவார், அதே வசனத்தை அதே உற்சாகத்தோடு வாசிப்பார். சோதனை முடிந்த அன்று, இறைமை பற்றிக் கேள்வி வந்ததா என்று ஆசையோடு கேட்டேன். அத்தனை தரம் முதலாம் பாடம் கேட்டவள்; ஏதாவது பயன் இருக்கவேண்டுமே.

"வரல்ல. நாலாம் பாடத்தில பெரிய கேள்வி வந்தது."

"அத நான் விட்டிருந்ததாலதான் இப்ப புதுசாப் படிச்சு மனசில நிண்டது" என்றார் மச்சாள் பின்னாலிருந்து.

பெறுபேறு வந்தபோது அந்தப் பாடத்தில் அவளுக்குப் பி தரம். பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடும் அளவுக்கு மற்றப் பாடங்களும் இருந்தன. இனிப்போடு போனேன். மில்காரருக்கும் விதானைக்கும் ஒரு பெட்டி முன்பே கொடுத்துவிட்டேன். விதானை அந்தப் பெறுபேற்றுக்கு நீளமாகப் பயன் சொன்னார், அதிலும் மருமகன் வந்தார்.

பழுகாமத்து வாசலில் அவள் அதே கதிரையில் இருந்தாள். மடியில் போன். இப்போது மில்காரர் வேறொரு கதைப்புத்தகம் வாசித்துக்கொடுத்திருக்கிறார். அதற்கும் பாடத்துக்கும் சம்பந்தமில்லை, கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனின் கதை. மச்சாள் சுளகில் கீரையைக் கொட்டி ஆய்ந்துகொண்டிருந்தார். கதை சூடான இடத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் மீன்காரரின் ஹோன் அடித்தது.

"என்ன சொன்னவர்?" என்றார் மச்சாள், கீரையிலிருந்து தலையைத் தூக்கி. "ஹோனில கேக்கல்ல. அவன் வந்தானா, வரல்லையா? இன்னொருக்காப் போடுகா."

அவள் என் பக்கம் ஒரு கணம் முகத்தைத் திருப்பினாள். பிறகு அடி வயிற்றிலிருந்து எடுத்து, ஆற அமர, வீடு முழுக்கக் கேட்கும்படி ஒரு பெருமூச்சு விட்டாள்.

விட்டுவிட்டு, போட்டாள்.